இடது பெருவிரல் ரேகை

இதை நான் என் கையாலேயே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. பதினோரு வருடம் கம்பெனி ரிக்கார்டில் நான் தற்குறி. பெயருக்கு நேரே ‘எழுதப் படிக்கத் தெரியாது, இடது பெருவிரல் ரேகை’ என்று எழுதி, அதன்மேல் ஒரு முத்திரையும் குத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பெருவிரல் இப்போது என்னிடம் இல்லை.

என் பெயர் சூசை. வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில். வேலை திருவொற்றியூரில், தகர டப்பா செய்யும் கம்பெனியில். எங்கள் பக்கத்தில் சம்பளத்தில் இன்சூரன்ஸ் பிடித்தம் இல்லாத தொழிலாளி குறைவு. என்றைக்காவது ஒருநாள் அவர்களில் சிலர் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கை போவது ஒரு பாடு. போனது என் கைதான் என்று காகிதத்தில் காட்டுவது அதைவிடப் பெரிய பாடு.

நான் எட்டாவது வரை படித்தவன். சாமியார் பள்ளியில் படித்ததால் கையெழுத்தும் சுமாராக இருக்கும். அதைச் சொல்லித்தான் வேலை கேட்டேன். ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி என்னைக் கேட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: “கையெழுத்து போடுவேன்னு வாயத் தொறந்திராத. போன ஸ்ட்ரைக்குல நோட்டீஸ் எழுதினவன் அல்லாம் படிச்சவன். இனிமே படிச்சவன் வோணாம்னு சொல்ட்டாங்க. ரேகை வையி, உள்ள போ.”

வைத்தேன். போனேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, மேஸ்திரி இதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை என்று.

சம்பள நாளில் இரண்டு வரிசை நிற்கும். கையெழுத்து வரிசை ஒன்று, ரேகை வரிசை ஒன்று. ரேகை வரிசைதான் நீளம். அதில் நிஜமான தற்குறி யார், என்னைப் போன்ற தற்குறி யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டோம். கேட்டால் கேட்டவன் தெரிந்தவன் என்று ஆகிவிடும். சனிக்கிழமை மத்தியானம் டைம் ஆபீஸ் குமாஸ்தா வெளியே வந்து, பலகையில் ஒட்டிய நோட்டீஸை எங்களுக்குப் படித்துச் சொல்வார். காலையிலேயே ஓரக்கண்ணால் படித்து முடித்ததை அப்போதுதான் கேட்பதுபோல் நின்று கேட்போம். எவனாவது குமாஸ்தா வாய் திறப்பதற்கு முன்னால் முகம் சுளித்தால், பக்கத்தில் இருப்பவன் காலை மிதிப்பான்.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் பிரஸ்ஸில் டப்பா மூடி அடிக்கிறவன். தகடு சிக்கியது. இடது கையால் எடுக்கப் போனேன். கையைத் தடுக்கும் கம்பி அன்று மிஷினில் இல்லை. இல்லாதது எனக்குத் தெரியும், ஃபோர்மேனுக்கும் தெரியும். பெருவிரலும் பக்கத்து விரலும் உள்ளே போயின. வலி உடனே வரவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகு வந்தது. அந்த வண்டியில் வைத்து யாரோ என் வலது பெருவிரலைப் பிடித்து மையில் தேய்த்து ஒரு ஃபாரத்தில் அழுத்தினார்கள். விபத்து ரிப்போர்ட் என்று சொன்னார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்று ஆரம்பித்தது என் சந்தேகம். இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டில் ஜன்னலோரம். முதல் ஆபரேஷனில் நசுங்கிய எலும்பை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். நாலாம் நாள் தையல் ஓரம் கறுத்தது. வாடை அடித்தது. எனக்கே என் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை. ரத்த ஓட்டம் போகாத சதை செத்து அழுகுகிறது, அந்த அழுகல் மேலே ஏறாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சீழைப் பஞ்சில் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பினார்கள். கூடவே ஒரு பாட்டிலைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வைக்கச் சொன்னார்கள்.

“கையில புண்ணு. மூத்திரம் எதுக்கு?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“சர்க்கரை இருக்கான்னு பார்க்கணும். சர்க்கரை இருந்தா புண்ணு ஆறாது” என்றார்.

எனக்கு அது வேறு மாதிரி பட்டது. சர்க்கரை இருக்கிறது என்று எழுதிவிட்டால், விரலைத் தின்றது மிஷின் இல்லை, என் வியாதிதான் என்று ஆகிவிடும். கம்பெனியும் தப்பும், இன்சூரன்ஸும் தப்பும். அதனால் அன்று முழுக்க நான் சோறு தொடவில்லை. காப்பியைச் சர்க்கரை இல்லாமல் வாங்கி, அதையும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றினேன். மறுநாள் அந்தப் பரிசோதனையை என் கண் முன்னால் செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தேன். நீல மருந்தில் சொட்டு விட்டுக் காய்ச்சுவார்கள். செங்கல் நிறமானால் சர்க்கரை. நீலமாகவே இருந்தால் இல்லை. நீலமாகவே இருந்தது. “பட்டினி கிடந்தா புண்ணு ஆறுமா, அறிவு இருக்கா உங்களுக்கு?” என்று நர்ஸ் திட்டினார். திட்டினாலும் அடுத்த வேளை எனக்கு இரண்டு முட்டை வந்தது. அதையும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் தணிகாசலம். எங்கள் கம்பெனியேதான். ஈயம் உருக்கும் பகுதியில் வேலை. கொதிக்கிற ஈயம் காலில் கொட்டி வந்திருந்தான். திருவொற்றியூர் குப்பத்துக்காரன். அவன் வீட்டில் மற்றவர்கள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். முகம் தெரியும், பேச்சு வார்த்தை கிடையாது. ரேகை வரிசையில் பார்த்திருக்கிறேன். இன்னொரு இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் லேபர் ஆபீசர் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ரேகை வைக்கிறவன் யாரும் அந்த அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்ததில்லை.

அதனால் அவனைக் கம்பெனியின் ஆள் என்று முடிவு கட்டினேன். விரல் போனது மிஷின் தப்பா, என் தப்பா என்று வேவு பார்க்கக் காலைச் சுட்டுக்கொண்டா வருவான் என்று பிலோமினா கேட்டாள். பிலோமினா என் மனைவி. வீட்டில் தையல் வேலை செய்கிறவள். சந்தேகம் வந்த பிறகு நியாயம் கேட்க எனக்குத் தெரியாது.

அவன் கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. “கம்பி இருந்துச்சா, இல்லியா? ஃபோர்மேன் இன்னா சொன்னான்?” நான், “ஞாபகம் இல்ல நைனா” என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். பிலோமினா வடை சுற்றிக் கொண்டுவரும் பத்திரிகைத் தாளை நான் எண்ணெய்க் கறையோடு படம் பார்ப்பதுபோல் பார்ப்பேன். பிறகு அவன் வாங்கி அவனும் படம் பார்ப்பான். படமே இல்லாத பக்கத்தைக்கூட இரண்டு பேரும் வெகு நேரம் பார்த்திருக்கிறோம்.

அழுகல் கூடிய நாட்களில் ஜுரம் ஏறியது. எழுந்து உட்கார முடியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். கேஸ் ஷீட் என்பார்கள். ஜுரம் எவ்வளவு, என்ன ஊசி, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று டாக்டர் அதில் இங்கிலீஷில் எழுதுவார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், டாக்டர் கிறுக்கல் தெரியாது. தெரிந்தாலும் அந்த ஆறடி தூரம் போக உடம்பில் தெம்பில்லை. ஒருநாள் சாயந்திரம் கண் விழித்தபோது தணிகாசலம் ஒற்றைக் காலில் நின்று அந்த அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாப்பா பாக்குற?” என்றேன்.

“கோடு கோடா போட்டுக்கீது. ஏறிக்கினு எறங்கிக்கினு, அலையாட்டம் கீது. சொம்மா பாத்தேன்.”

“இன்னா சொல்லுது?”

அவன் அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, தன் அலமாரியிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்தான். “கோடு எறங்கிக்கீது. எறங்கினா நல்லதுதான். துன்னு” என்றான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குற்றமுள்ள மனசு முகத்தைப் பார்க்காது என்று நினைத்துக்கொண்டேன். வாய் கசந்ததால் பழத்தைத் தின்றேன்.

மறுநாளும் அப்படித்தான். “ஊசிய மாத்திக்கீறாங்க சூசை, ஒன்னும் பயப்படாத” என்றான். மத்தியானம் நர்ஸ் புது ஊசியோடு வந்தார். பிறகு ஒருநாள், “நாளிக்கி கட்டு பிரிப்பாங்க” என்றான். பிரித்தார்கள். டாக்டர் இன்னும் என்னிடமே சொல்லாதது இவனுக்கு எப்படித் தெரிகிறது? மேலே யாரோடோ பேச்சு வைத்திருக்கிறான். எனக்கு இனி சாட்சியே தேவைப்படவில்லை.

புது ஊசி கேட்டது. ஜுரம் விட்டது. செத்த சதையை வெட்டி எடுத்த பிறகு உள்ளங்கையில் தோல் இல்லாமல் ஒரு பள்ளம். அதை மூட என் கையை என் வயிற்றோடு சேர்த்துத் தைத்தார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வயிற்றுத் தோலில் ஒரு பக்கத்தை மட்டும் விட்டு மற்ற மூன்று பக்கமும் கிளப்பி, அதைக் கைப் புண்ணின்மேல் மூடித் தைப்பார்கள். மூன்று வாரத்தில் அது கையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வயிற்றிலிருந்து வெட்டிவிடுவார்கள். அந்த மூன்று வாரமும் இடது கை வயிற்றிலேயே இருக்கும். தும்மினால் உயிர் போகும். பிலோமினா என் சட்டைகளின் இடது பக்கத்தை முழுக்கப் பிரித்து நாடா வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். மூன்று சட்டை. மூன்றாவது சட்டை எனக்குப் பெரிதாக இருந்தது.

“இது யாருக்கு?” என்றேன்.

“அவருக்குத்தான். காலத் தொங்கப்போட முடியாம சட்டை மாத்திக்க எவ்ளோ பேஜாருபடறாரு பாரு. மனுசன் தனியாக் கெடக்கிறாரு” என்று தணிகாசலத்தைக் காட்டினாள். வேவு பார்க்கிறவனுக்குச் சட்டை தைத்துத் தருகிறாளே என்று எனக்குக் கோபம். அவன் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். எனக்கு முன்னால் அவனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள்.

நானும் வந்தேன். வந்த பிறகுதான் நிஜமான வியாதி.

உடம்பில் ஊனம் நின்றுவிட்டால் இன்சூரன்ஸ் சட்டப்படி டாக்டர்கள் குழு முன்னால் நிற்க வேண்டும். சம்பாதிக்கும் திறமையில் எவ்வளவு போய்விட்டது என்று அவர்கள் வீதம் போடுவார்கள். அந்த வீதப்படி உயிரோடு இருக்கும்வரை உதவித்தொகை. அதோடு, கனமான வேலை முடியாதவனுக்கு ‘இலகு வேலை கொடுக்கலாம்’ என்று ஒரு சான்றும் தருவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். இலகு வேலைச் சான்று வெறும் சிபாரிசுதான். அப்படி வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பெயர் அடிபட்ட ஒருவர் கோயில் வாசலில் சர்க்கார் லாட்டரிச் சீட்டு விற்கிறார். உதவித்தொகை அவருக்கும் வருகிறது. அது வாடகைக்கே போதவில்லை. நான் கண்ணை மூடினால் அவர் முகம்தான் தெரிந்தது. எனக்கு வேலை வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

குழு டாக்டர்கள் மூன்று பேர். மேஜைமேல் ஒரு காசை வைத்து எடுக்கச் சொன்னார்கள். சட்டைப் பொத்தான் போடச் சொன்னார்கள். நான் யோசித்தேன். எல்லாப் பொத்தானும் போட்டால் ஊனம் குறைவு என்பார்கள். ஒன்றும் போடாவிட்டால் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்பார்கள். இரண்டு பொத்தான் போட்டேன். மூன்றாவதில் விரல் நழுவுவதுபோல் விட்டேன். நடுவில் இருந்த டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “நாலாவது பொத்தானும் போடுவீங்க, தெரியும். போங்க” என்றார். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. சான்று கிடைத்தது.

அதை எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசரிடம் போனேன். அவர் சொன்னார்: “டூல் ரூம்ல ஆள் வேணும். ஸ்பானர், பிரஸ்ஸுக்குப் போடற டை எல்லாம் கொடுத்து வாங்கி நோட்டுல எழுதற வேலை. உட்கார்ந்த வேலை. ஆனா எழுதப் படிக்கத் தெரியணுமே. உனக்குத்தான் தெரியாதே.”

“தெரியாது சார்” என்று என் வாய் சொல்லிவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான், வந்த வேலையை நானே தள்ளிவிட்டேன் என்று புரிந்தது.

அடுத்து இன்சூரன்ஸ் ஆபீஸ். எந்தக் காகிதமும் நகர வேண்டுமென்றால் அங்கே ஆள் அடையாளம் காட்ட வேண்டும். ஃபாரங்களில் மெட்ராஸ் ராஜ்யம் என்று அச்சடித்ததை அடித்துவிட்டுத் தமிழ்நாடு என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். அதுகூடப் போலியாக இருக்குமோ என்று எனக்குப் பட்டது. குமாஸ்தா மைப் பெட்டியைத் தள்ளி, “இடது பெருவிரல்” என்றார், தலை நிமிராமல்.

“இல்ல சார்.”

“என்ன இல்ல?”

கையை மேஜைமேல் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வயிற்றுத் தோல் ஒட்டிய கை பார்க்க நன்றாக இருக்காது. வயிற்று முடிகூட இரண்டு அதில் முளைத்திருக்கிறது.

“அப்ப நீதான் சூசைன்னு எப்படி?”

“அது போனதாலதான சார் வந்துக்கீறேன்.”

“அது சரி. ஃபைல்ல இடது ரேகை. விபத்து ரிப்போர்ட்ல வலது ரேகை. ரெண்டும் வேற வேற. வேற ஆள் வந்து வாங்கிட்டுப் போனா என் வேலை போகும்.”

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவரும் என் ஜாதிதான், யாரையும் நம்பாத ஜாதி. உள்ளே மேனேஜரிடம் அனுப்பினார். மேனேஜர் வயசானவர், பொறுமையாகப் பேசினார். கூட வேலை செய்கிற, எழுதத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து, நான் இன்னான்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். குடும்பத்து ஆள் கூடாது. அதன் பிரதி ஒன்று கம்பெனிக்குப் போகும். ஒரு வாரம் தவணை.

கையெழுத்து வரிசையில் என்னோடு பிரஸ்ஸில் வேலை பார்த்தவர் ஃபோர்மேன் ஒருவர்தான். போய்க் கேட்டேன். “கம்பெனி உத்தரவு இல்லாம நான் எதுலயும் கையெழுத்து போடறதில்ல சூசை” என்றார். கம்பி இல்லாத மிஷின் அவர் கண்ணில் நின்றது. மற்றவர்கள் எல்லாரும் ரேகை வரிசை. அதில் எழுதத் தெரிந்தவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் போட்டால் அந்தப் பிரதி கம்பெனிக்குப் போகும். பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன் என்று அவன் வேலையும் போகும். என் விரலுக்காக இன்னொருவன் குடும்பத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரியாகச் சொன்னால், கேட்டாலும் வர மாட்டார்கள் என்றுதான் நம்பினேன்.

“நீயே எழுதத் தெரியும்னு சொல்லிட்றதுதான?” என்றாள் பிலோமினா.

“சொன்னா, ஃபைல்ல இருக்கறவன் தற்குறி, நீ வேற ஆளுன்னு சொல்வான். இந்தப் பக்கம் கம்பெனி, பொய்யா சேந்தன்னு வெளிய தள்ளுவான். ரெண்டும் பூடும்.”

“அப்ப அந்தத் தணிகாசலத்தக் கேளு.”

“அவன் கம்பெனி ஆளு. அதும் இல்லாம அவன் நெஜத் தற்குறி.”

“உனுக்கு ஆஸ்பத்திரில வெரல மட்டுமா வெட்டினாங்க?” என்று கேட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

தவணை முடிந்த நாள் காலையில் சாட்சி இல்லாமல்தான் போனோம், நானும் அவளும். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். பிலோமினா தைத்த அந்தச் சட்டைதான் போட்டிருந்தான், நாடாவை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்துக்கொண்டு. அவள் எனக்குத் தெரியாமல் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போய் அவனைப் பார்த்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. இவன் இதில் என்ன லாபம் பார்க்கிறான் என்ற எண்ணம்தான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மேனேஜர் அவன் ஃபைலையும் எடுத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டு, “உன் பேர்லயும் ரேகைதானேயா இருக்கு? நீ எப்படிக் கையெழுத்து போடுவே?” என்றார்.

“ரேகையும் என்னுதுதான் சார். கையெழுத்தும் என்னுதுதான்.”

“பிரதி கம்பெனிக்குப் போகும். தெரியுமில்ல?”

“இந்தம்மா சொல்லிச்சி.”

பேனாவை எடுத்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஃபாரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான். முழுக்க இங்கிலீஷ். ஒரு இடத்தில் நிறுத்தி, “சார், இங்க வலது கைன்னு டைப் அடிச்சிக்கீறாங்க. இடது கை” என்று விரல் வைத்துக் காட்டினான். மேனேஜர் குனிந்து பார்த்து, அதை அடித்துத் திருத்தினார். பிறகு தணிகாசலம் இங்கிலீஷிலேயே கையெழுத்துப் போட்டான். தந்தை பெயர், ஊர், டோக்கன் நம்பர் எல்லாம் சேர்த்து. எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த கை.

மேனேஜர் அவன் இடது பெருவிரலை மையில் தேய்த்து ஒரு தாளில் வைத்து, ஃபைலில் இருந்ததோடு லென்ஸ் பிடித்துப் பார்த்தார். பொருந்தியது. அவன் அவன்தான் என்று ஆயிற்று. அவன் சொன்னதால் நான் நான்தான் என்று ஆயிற்று.

அந்த நேரத்தில் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. “பேனாவக் குடுங்க சார்” என்றேன். அவன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு எழுதியதால் முதல் எழுத்து கோணிக்கொண்டது. மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க கம்பெனியில இப்படி எத்தனை பேர்யா?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

எதிர்பார்த்தபடியே இருவருக்கும் மெமோ வந்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. தணிகாசலம் அதை நேரே டைம் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொண்டு போய், “படிச்சிச் சொல்லு சார், இன்னா போட்டுக்கீதுன்னு” என்று நீட்டினான். குமாஸ்தாவும் சனிக்கிழமைக் குரலில் முழுதாகப் படித்துக் காட்டினார். அன்று சாயந்திரம் லேபர் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எழுதக் கத்துக்கிட்டோம்னு எழுதிக் கொடுங்க. இல்லன்னா நான் ரேகை வரிசை மொத்தத்தையும் விசாரிக்கணும். அப்புறம் இங்க பிரஸ் ஓடாது” என்றார். இவருக்கு ஏன் இந்தக் கருணை என்று விசாரித்தேன். டூல் ரூமில் நாலு மாதமாக ஆள் இல்லையாம். சரி, அது நம்பக்கூடிய காரணம்.

இப்போது நான் டூல் ரூமில்தான் இருக்கிறேன். கம்பி வலை போட்ட ஜன்னல், ஒரு நோட்டு, ஒரு மைப் பெட்டி. கை மழைக்காலத்தில் குடைகிறது. மற்றபடி வேலை இருக்கிறது.

போன வாரம் தணிகாசலம் ஸ்பானர் வாங்க வந்தான். கூட்டம் இல்லை. நெடுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். “லேபர் ஆபீசர் ரூம்ல இருந்து ஒருநாள் சிரிச்சிக்கினு வந்தியே, எதுக்கு?”

“பொண்ணு பொறந்துச்சி. லீவு குடுத்தாரு.”

அவன் கேட்ட ஸ்பானரை எடுத்து நீட்டினேன். பிறகு, “அன்னிக்கி ஜுரத்துல கெடந்தப்போ, என் அட்டையப் படிச்சிட்டுத்தான பழம் உரிச்சிக் குடுத்த? இன்னா எழுதியிருந்திச்சி?” என்றேன்.

அவன் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெண்டு நாள்ல ஜுரம் எறங்கலேன்னா மணிக்கட்டோட எடுத்துரணும்னு எழுதியிருந்திச்சி. கோடு நேரா மேல ஏறிக்கினு இருந்திச்சி.”

“எறங்கிக்கீதுன்னு சொன்னியே.”

“எனுக்குத்தான் படிக்கத் தெரியாதே சூசை. தற்குறி வேற இன்னா சொல்வான்?”

பேனாவை நீட்டினேன். கை முழுக்க ஈயக்கறை என்று சொல்லி, வழக்கம்போல் இடது பெருவிரலை நோட்டில் அழுத்திவிட்டு ஸ்பானரோடு போனான். ரேகை வைத்தவன் பெயரை, எழுதத் தெரிந்தவன் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது விதி. நான் எழுதினேன்.